சிறுவர் நாவலில் முடிச்சை அவிழ்ப்பது யார்?

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, சிறுவர் நாவல் என்றால் ஒரு நாள் ஆகா என்கிறீர்கள், இன்னொரு நாள் இதெல்லாம் ஒரு நாவலா என்கிறீர்கள். எதை நம்புவது? என் மகள் ஏழாவது படிக்கிறாள். எதைக் கொடுத்தாலும் படிப்பாள். மகன் பத்தாவது. ஹாரி பாட்டர் ஏழு பாகத்தையும் முடித்துவிட்டான். தமிழில் எதை நீட்டினாலும் ‘சின்னப் பிள்ளைக் கதை’ என்று தள்ளிவிடுகிறான். இந்தத் தடவை பாளையங்கோட்டை புத்தகத் திருவிழாவில் இரண்டு பேருக்கும் என்ன வாங்கட்டும்? பொன்னியின் செல்வன் கொடுக்கலாமா?”

தங்கச்சி, ஆகா என்றதும் நான்தான், இதெல்லாம் ஒரு நாவலா என்றதும் நான்தான். இரண்டையும் வாபஸ் வாங்குகிற உத்தேசம் இல்லை. சில சமயம் ஒரே புத்தகத்தைப் பற்றியே இரண்டையும் சொல்லியிருப்பேன்.

நூலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. சிறுவர் பகுதிப் புத்தகம் எதையாவது கையில் எடுத்தால் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால், மூடியபடியே அதன் பக்க ஓரங்களைப் பார்ப்பேன். பிள்ளைகள் மிக்சர் தின்ற கையோடு படிக்கிறவர்கள். எண்ணெய்க் கறை எதுவரைக்கும் போயிருக்கிறதோ அதுவரைக்கும் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைசித் தாள் வரைக்கும் கறுத்துப்போன புத்தகங்கள் உண்டு. கால்வாசியோடு கறை நின்றுபோய், மிச்சமெல்லாம் அச்சகத்து வெள்ளையோடு இருக்கிற புத்தகங்களும் உண்டு. கறை நின்ற இடத்தைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் அங்கே ஒரு பெரியவர் வந்திருப்பார். தாத்தாவோ, தமிழாசிரியரோ, வெளிநாட்டிலிருந்து வந்த விஞ்ஞானி மாமாவோ. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, “குழந்தைகளே, கேளுங்கள்” என்று ஆரம்பித்திருப்பார். நம் பிள்ளை அந்த இடத்தில் எழுந்து விளையாடப் போயிருக்கும்.

அதனால் நான் ஒரு சிறுவர் நாவலை எடை போட ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். கதையில் விழுந்த முடிச்சை அவிழ்த்தது யார்? பிள்ளையா, பெரியவரா? பேய், பூதம், பேசும் குரங்கு எது வந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. நீதி இருந்தாலும் பரவாயில்லை. நாவல் முழுக்கப் பிள்ளைகள் ஓடியாடித் திரிந்துவிட்டு, கடைசியில் போலீஸ் மாமா ஜீப்பில் வந்து திருடனைப் பிடித்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கலெக்டர் கையால் பரிசு கொடுத்தால், அந்த நாவல் யாருக்காக எழுதப்பட்டது என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பழைய ஆட்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தது, கொள்கையாக இல்லாவிட்டாலும் பிழைப்பாக. அழ. வள்ளியப்பா முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கிய 1950க்குப் பிறகு ஒரு முப்பது நாற்பது வருடம், சிறுவர் நாவல் என்பது பத்திரிகைத் தொடர். ஆர்வி ஆசிரியராக இருந்த கண்ணன், 1972இல் வந்த கோகுலம், 1984இல் வந்த பூந்தளிர் என்று வரிசையாகப் பத்திரிகைகள். தொடர் எழுதுகிறவனுக்கு உபதேசம் செய்ய இடம் கிடையாது. அத்தியாயம் முடிகிற இடத்தில் பையன் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த இதழை யாரும் தேட மாட்டார்கள். வாண்டுமாமா இதில் கைதேர்ந்தவர். அவர் கதைகளில் அரண்மனை, மந்திரவாதி, சுரங்கப்பாதை எல்லாம் திரும்பத் திரும்ப வரும், பெண் பிள்ளைகளுக்கு வேலை குறைவு, இன்றைக்குப் படித்தால் சில இடங்கள் நெருடும். ஆனாலும் பக்க ஓரம் கடைசி வரை கறுத்திருக்கும். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் இதில் சேர்க்க வேண்டும். 1972இல் இரும்புக்கை மாயாவி வந்த பிறகு இந்தக் கரிசல் பக்கம் எத்தனை பேர் அதை வைத்தே எழுத்துக்கூட்டாமல் வாசிக்கப் பழகினார்கள் என்று கணக்கெடுத்தால், பாடநூல்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

தொடர்கள் நின்றன. பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடின. இப்போது சிறுவர் நாவல் என்பது நேராகப் புத்தகமாகவே வருகிறது. எண்பது, நூறு பக்கம், பெரிய எழுத்து, நல்ல படங்கள். அச்சும் கட்டும் முன்பைவிட எவ்வளவோ மேல். சிக்கல் என்னவென்றால், இதை வாங்குவது பிள்ளை இல்லை. நாம் வாங்குகிறோம், அல்லது பள்ளிக்கூடம் வாங்குகிறது. பின்னட்டையைப் படித்து “நல்ல கருத்து” என்று தலையாட்டுகிற நம்மை மனதில் வைத்து எழுதினால்தான் விற்கும் என்று ஆகிவிட்டது. சுற்றுச்சூழல் ஒரு நாவல், நெகிழி ஒரு நாவல், செல்போன் தீமை ஒரு நாவல். அரை ஆண்டுத் தேர்வுக் கட்டுரைத் தலைப்புகள் மாதிரியே இருக்கின்றன.

சரி, குறை சொல்லியாகிவிட்டது. இப்போது உங்கள் மகளுக்கு வருகிறேன்.

ஏழாம் வகுப்புக்குத் தமிழில் தாராளமாக இருக்கிறது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ வாங்குங்கள். சிறுவர் இலக்கியத்துக்குச் சாகித்திய அகாதெமி தருகிற பால சாகித்திய புரஸ்கார் விருதை 2020க்குப் பெற்றது. பிள்ளைகளிடம் பெரியவர்கள் தவறாக நடப்பதைப் பற்றிப் பேசுகிற கதை. இதே விஷயத்தை ஒரு டீச்சர் பாத்திரம் சொல்லியிருந்தால் சுகாதாரத் துறை துண்டுப்பிரசுரம் ஆகியிருக்கும். இங்கே பேசுவது ஒரு மரப்பாச்சிப் பொம்மை. பிள்ளைகள் அம்மாவிடம் சொல்லாததைப் பொம்மையிடம் சொல்வார்கள் என்பது எந்த வீட்டிலும் நடக்கிற விஷயம்தானே. சில இடங்களில் ஆசிரியரின் அக்கறை கதையை முந்திக்கொண்டு ஓடுவதாக எனக்குத் தோன்றியது. இருந்தாலும் இந்தப் புத்தகத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் முதலில் படித்துவிடுங்கள், அப்புறம் அவள் கையில் கொடுங்கள். அவள் ஏதாவது கேட்டால் அடுப்படி வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

கோவில்பட்டி உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இல் அதே விருதைப் பெற்றது. கீழடியை வைத்து, காலத்தில் பின்னோக்கிப் போகிற கதை. இதைப் பற்றித்தான் நான் இரண்டு நாக்கால் பேசினேன் என்று நினைக்கிறேன். ஒரு பழைய ஊரைப் பிள்ளையின் கண் உயரத்திலிருந்து காட்டுவது பிடித்தது. அகழாய்வுத் தகவல்கள் வரிசை கட்டி வரும்போது எனக்கு வகுப்பறை ஞாபகம் வந்தது. ஆனால் இதைப் படித்துவிட்டு ஒரு பெண் பிள்ளை, “நம்ம பக்கமும் இப்படி இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறதே. திருச்செந்தூர் ரோட்டில் போனால் ஆதிச்சநல்லூர். ஜெர்மன்காரர் யாகோர் 1876இல் தோண்டிய இடம், பிறகு அலெக்சாண்டர் ரீ வந்து தோண்டிய இடம், தாழி தாழியாக எலும்பும் இரும்பும் எடுத்த பரம்பு. பிள்ளைகளைத் திருச்செந்தூர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்தப் பரம்பைத் தாண்டித்தான் போகிறார்கள், வண்டியை நிறுத்துவதில்லை. ஒரு நாவல் நிறுத்த வைத்தால் அதற்காகவே பத்து குறையை மன்னிக்கலாம்.

ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயமலையில் யெட்டியைத் தேடிப் போகிற கதை. தொடரின் வேகம் அதில் அப்படியே இருக்கிறது. நடுவில் பரிணாமம், தத்துவம் என்று கனமான விஷயங்களும் வரும். புரியாததைத் தாண்டிப் படிக்கிற பிள்ளையாக இருந்தால் பிரச்சினை இல்லை. உங்கள் மகள் அப்படித்தான் என்று கேள்வியிலிருந்தே தெரிகிறது. டோட்டோ-சான் தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகக் கிடைக்கிறது. அது நாவலும் இல்லை, தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு ஜப்பானியப் பெண்மணி எழுதிய நினைவுகள். தலைமையாசிரியர் கொபயாஷி புதிதாகச் சேர வந்த சிறுமியை உட்கார வைத்து, அவள் பேசி முடிக்கும் வரை நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த இடத்தைப் பிள்ளைகள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். ‘குட்டி இளவரச’னைப் பற்றி மட்டும் என் கருத்து கொஞ்சம் வம்புக்கு இழுக்கும். பிரெஞ்சிலிருந்து நேரடியாக அருமையாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஆனால் அதை நினைத்துக் கண்கலங்குகிறவர்கள் எல்லாரும் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள். பிள்ளைகளுக்கு அந்த நரி வருகிற பகுதி பிடிக்கும், மற்றதை மரியாதைக்காகப் படிப்பார்கள். இன்னும் பத்து வருடம் கழித்து அவளே எடுத்துக்கொள்ளட்டும்.

இனி உங்கள் மகன். அவன் சொன்னது சரிதான்.

ஹாரி முதல் புத்தகத்தில் பதினொரு வயசுப் பையன். ஏழாவதில் பதினேழு. படிக்கிற பையனோடு கூடவே அவனும் வளர்கிறான். நாலாவது புத்தகத்தில் கூடப் படித்த பையன் செத்துப்போகிறான், செத்தவன் திரும்பி வருவதில்லை. பெரியவர்கள் பொய் சொல்கிறார்கள், தப்பு செய்கிறார்கள். முடிச்சு முழுவதும் பிள்ளைகள் கையில். இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்த பையனிடம் போய், முயலும் ஆமையும் சேர்ந்து காட்டைக் காப்பாற்றிய நாவலைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? வாசகனோடு கூடவே வயசு கூடிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிறுவர் தொடர் நாவல் தமிழில் இதுவரை என் கண்ணில் படவில்லை.

பதின்பருவத்துக்கு என்று நம்மிடம் ஒரு அலமாரியே கிடையாது. எந்த நூலகத்தில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். சிறுவர் பகுதி முடிந்ததும் அடுத்த தட்டில் பெரியவர்கள் நாவல் ஆரம்பித்துவிடும். நடுவில் இருக்கிற பையனுக்கு நாம் கொடுப்பது கைடு. அண்மைக் காலமாக ஓங்கில் கூட்டம் போன்ற முயற்சிகள் இளையோருக்கென்று சின்னச் சின்னப் புத்தகங்கள் கொண்டுவருகின்றன. நல்ல காரியம், வாங்குங்கள். ஆனால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். உங்கள் மகன் எழுநூறு பக்கம் அசராமல் படிக்கிறவன்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைத்தான் நான் கோபமாகச் சொல்வது. நம் சிறுவர் நாவல்களில் வருகிற கிராமத்துக்குப் பெயர் இருக்காது, இருந்தாலும் பொன்னூர், பூங்குளம் என்று இருக்கும். பிள்ளைகள் பெயர் ராமு, சோமு. யாருக்கும் தெரு கிடையாது. நம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். கையில் கட்டுகிற கயிறு என்ன நிறம் என்பதை வைத்து யார் எந்தத் தெரு, எந்தச் சாதி என்று எட்டாம் வகுப்புப் பையன் சொல்வான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த பையனை, அதே பள்ளிக்கூடத்துப் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகுதான் அரசு நீதிபதி சந்துருவை வைத்து ஒரு நபர் குழு போட்டது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளும் வருகின்றன. வெட்டியவனுக்கும் வெட்டுப்பட்டவனுக்கும் ஏறக்குறைய உங்கள் மகன் வயசு. அவன் தினமும் பஸ்ஸில் பார்க்கிற உலகம் இது. புத்தகத்தைத் திறந்தால் அங்கே பூங்குளத்தில் எல்லாரும் ஒற்றுமையாக மரம் நடுகிறார்கள். சின்னப் பிள்ளைக் கதை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வான்?

இந்த மண்ணில் பிறந்தவர்கள் அவனுக்கான நாவலை எப்போதோ எழுதிவிட்டார்கள். சிறுவர் நாவல், இளையோர் நாவல் என்று யாரும் பெயர் ஒட்டவில்லை, அவ்வளவுதான். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. கோவில்பட்டிக் கரிசல். பதினைந்து வயசு சிதம்பரம், அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை வெட்ட நினைத்துப் போய், ஆளையே வெட்டிவிடுகிறான். இது நாவலின் முதல் பக்கத்திலேயே நடந்து முடிந்துவிடும். மிச்சம் முழுக்க அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிவது. எங்கே தண்ணீர், எந்தக் கிழங்கைத் தோண்டலாம், எங்கே படுக்கலாம், வீட்டில் ஆத்தாவும் தங்கச்சியும் என்ன ஆனார்கள் என்பதுதான் கதை.

“இங்கே இருக்கிற நிலைமையில் வெட்டுக்குத்துக் கதையைப் பையனிடம் கொடுக்கச் சொல்கிறீர்களே” என்று நீங்கள் கேட்கலாம். பலரும் கேட்டிருக்கிறார்கள். இந்த நாவலை வைத்து எடுத்த ‘அசுரன்’ படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பயம் வருகிறது. படத்தில் அப்பா நாயகன், அவருக்கு ஒரு பழைய கதை, சண்டை, விசில். நாவலில் அதெல்லாம் கிடையாது. நாவல் பையனுடையது. வெட்டுகிறவனின் வீரத்தைப் பற்றி ஒரு வரி பெருமை இல்லை. பயமும் பசியும் முள்ளும்தான். தாங்கள் செய்ததற்குப் பதில் சொல்ல அப்பனும் மகனும் கடைசியில் கோர்ட்டை நோக்கி நடப்பார்கள்.

இதை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு எடுத்துக் கொடுத்தேன். பேட்டைப் பக்கத்துப் பையன், வாய் திறக்க மாட்டான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கவுண்டரில் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் கேட்டான்: “அண்ணாச்சி, அவம் ஆளையே வெட்டிட்டு வந்து நிக்கான். அவங்க அய்யா ஒரு அடிகூட அடிக்கலயே, ஏன்?” நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “ஏல, நீ அந்தப் பொஸ்தகத்த எங்கிட்ட குடு” என்று வாங்கிக்கொண்டு போனார்.

ஆனாலும் ஒரு வார்த்தை. இதைப் பத்தாவது பரீட்சை முடிந்த பிறகு கொடுங்கள், நீங்களும் படித்துவிட்டுக் கொடுங்கள். கெட்ட வார்த்தை வரும், ரத்தம் வரும். அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் தெரியாமல் கொடுக்கக் கூடாது.

அதற்கு முன்னால் கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ கொடுத்துப் பாருங்கள். சின்னப் புத்தகம்தான். பறவைகளையும் முட்டைகளையும் தேடிக் கரிசல்காட்டில் அலைகிற சிறுவனின் கதை. பறவைகளைப் பற்றி அவ்வளவு இருந்தும் பறவையியல் பாடமாக ஆகாமல் இருப்பதற்குக் காரணம், அதில் தெரிந்துகொள்ளத் துடிப்பது பையன். யாரும் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லவில்லை. மகளும் இதைப் படிக்கலாம். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ பிளஸ் ஒன்னுக்குப் போன பிறகு. மணப்பாட்டுக் கரை, பிலோமிக்குட்டி, மீன்பிடி வல்லத்தை விற்கச் சொல்லி நச்சரிக்கிற மகன், விற்க மனசில்லாத தகப்பன் குரூஸ் மிக்கேல். காதல் வரும், கைகூடாது. அந்த வயசில் ஆண் பிள்ளைகள் காதல் என்றால் சினிமாவை மட்டும்தான் பார்க்கிறார்கள். பிலோமியைப் படித்தால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரியும். கிரிக்கெட் பைத்தியமாக இருந்தால் அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. செகந்திராபாத்தில் கதை நடக்கிறது என்பதால் நம் ஊர் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். சுதந்திரம் வந்த காலத்துக் கலவரத்துக்கு நடுவே ஒரு பையன் வளர்கிற கதை. கடைசிப் பக்கங்களை மறக்க முடியாது.

பொன்னியின் செல்வன் கேட்டீர்கள். கொடுங்கள், தாராளமாக. கல்கியில் 1950 முதல் 54 வரை வாரா வாரம் வந்த தொடர், அதனால் எங்கேயும் படுத்துக்கொள்ளாது. வந்தியத்தேவன் அவசரக்காரன், வாய்த்துடுக்கு, மாட்டிக்கொள்வதும் தப்பிப்பதுமாகவே இருப்பான். உங்கள் மகனுக்குப் பிடித்துப்போகும். ஆனால் அது முடிந்ததும் அதே மாதிரி இன்னொரு ராஜா கதை, இன்னொரு குதிரை என்று அந்த வரிசையிலேயே வருடக்கணக்கில் நின்றுவிடுகிற பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் ஐந்து பாகத்துக்கும் நடுவில் எங்கேயாவது ‘பிஞ்சுகள்’ மாதிரி ஒன்றைச் செருகிவிடுங்கள்.

புத்தகத் திருவிழாவில் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மகனிடம் பணத்தைக் கொடுத்துத் தனியாக அனுப்பிவிடுங்கள், கூடப் போகாதீர்கள். அவன் திரும்பவும் ஆங்கிலப் புத்தகம்தான் வாங்கி வருவான், அல்லது காமிக்ஸ். ஒன்றும் சொல்ல வேண்டாம். ‘வெக்கை’யையும் ‘பிஞ்சுக’ளையும் நீங்களே தனியாக வாங்கி, உங்களுக்கு என்று சொல்லி வீட்டில் வையுங்கள். யாராவது கேட்டால் மட்டும் கொடுங்கள். படித்து முடித்தவனிடம் “கதை என்ன, சொல்லு பார்ப்போம்” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதைக் கேட்பதற்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஆள் இருக்கிறார்களே.